பயத்துக்கு விலை வைப்பவர்கள்: பக்தி, பணம், பரிகாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போன வருஷம், பரிகாரம் என்று பயமுறுத்தி ஒரு சாமியார் எங்கள் வீட்டில் பணம் பறித்ததைச் சொந்தக்காரர்கள் சிலரிடம் சொன்னேன். அது ஒருவர் வாயிலிருந்து ஒருவருக்குப் போய், அறிமுகமில்லாதவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாழைப்பூ பொறுக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்று தணிந்த குரலில் கேட்ட அக்காமார் உண்டு. பேருந்து நிறுத்தத்தில் கேட்ட தம்பிமார் உண்டு. சுற்றிச் சுற்றி அதே கேள்விகள்தாம் வருகின்றன. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை, சமயம் படித்தவளும் இல்லை. 22 வருஷமாகக் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறேன்.

கோயிலுக்குப் போகிறேன் என்கிறீர்கள். அப்புறம் ஏன் இதையெல்லாம் எதிர்க்கிறீர்கள்?

போகிறவள் என்பதால்தான். சாமியே இல்லை என்பவருக்கு இதில் போவது பணம் மட்டும். எனக்கு அதற்கு மேலும் போகிறது. என் அம்மா கும்பிட்ட தெய்வத்தின் பெயரைச் சொல்லித்தான் அவரை மிரட்டினார்கள். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்படி என்னதான் நடந்தது?

அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் தொடங்கியிருந்தது. கையில் ஊசி குத்திக் குத்திப் புடைத்துப் போயிருக்கும். அந்த நேரத்தில் அத்தை ஒருத்தர், ஊரிலிருந்து ஒரு சாமி வந்திருக்கிறார், முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறார் என்று கூட்டிப் போனார். யாரோ ஒருவருடைய வீட்டு வரவேற்பறைதான் இடம். அவர் அம்மாவைப் பார்த்து முதலில் சொன்னது, "உங்களுக்கு நெருக்கமான ஒருத்தர் உங்கள் வளர்ச்சி பொறுக்காமல் செய்து வைத்திருக்கிறார்." அடுத்தது, "இந்த வீட்டில் ஒரு உயிர் போக வேண்டிய நேரம். அது உங்களோடு நிற்காது, பேரப்பிள்ளை வரைக்கும் வரும்." பேரன் பெயரை எடுத்ததும் அம்மாவுக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது. ஒரு மண்டலம் ஹோமம் செய்ய 3,600 வெள்ளி. முன்பணம் கட்டினார். பாக்கிக்குத் தன் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைத்தார். என்னிடம் சொல்லவில்லை, சொன்னால் பலிக்காது என்று அந்தச் சாமியின் கட்டளை.

மருந்து டப்பாவில் மாத்திரைக்கு அடியில் அடகுச் சீட்டு கிடைத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குள், தடை பலமாக இருக்கிறது, இன்னொரு 2,400 வேண்டும் என்று அடுத்த செய்தி வந்திருந்தது. ஹோமம் நடந்ததற்குச் சான்றாக வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி. எங்கள் புளோக்கிலேயே ஒன்பதாம் மாடியில் ஓர் அக்கா, மகன் திருமணம் தள்ளிப்போகிறது என்று அதே ஆளிடம் பணம் கட்டியிருந்தார். அவருக்கும் ஒரு காணொளி வந்திருந்தது. இரண்டு கைப்பேசியையும் எங்கள் சாப்பாட்டு மேசையில் அடுத்தடுத்து வைத்து ஓட்டினோம். பச்சைத் துண்டு போட்ட ஒருவர் தும்முகிறார், பின்னால் ஒரு வெள்ளாடு வலமிருந்து இடமாகப் போகிறது, தீயில் தேங்காய் வெடிக்கிறது. இரண்டிலும் அதே தும்மல், அதே ஆடு, அதே தேங்காய். அந்த அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அம்மா அழவில்லை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய் விளக்கேற்றினார்.

பணம் போனதைவிடப் பெரிது ஒன்று உண்டு. மண்டலம் முடியும்வரை உடம்பில் இரும்பு படக்கூடாது என்று அவர் சொன்னதை நம்பி அம்மா இரண்டு முறை டயாலிசிஸ் போகவில்லை. நெஞ்சில் நீர் கோத்து, நடு இரவில் மூச்சு முட்டி ஆம்புலன்ஸில் போனோம்.

கோயிலில் அர்ச்சனைக்குச் சீட்டு வாங்குகிறோமே, அதுவும் வியாபாரம்தானே?

இல்லை. இந்த ஒன்றைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்காவிட்டால் மற்ற எல்லாமே குழம்பிவிடும். கோயில் நடத்தக் காசு வேண்டும். குருக்களுக்குச் சம்பளம், நாதஸ்வரக்காரர் தவில்காரருக்குச் சம்பளம், மின்சாரக் கட்டணம், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் குடமுழுக்குத் திருப்பணி, அன்னதானம். வெளியே பலகையில் விலை எழுதியிருக்கிறது. எல்லாருக்கும் ஒரே விலை. பணம் கட்டினால் ரசீது தருகிறார்கள். வாங்காவிட்டாலும் உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வரலாம், யாரும் தடுப்பதில்லை. வாங்காமல் போனால் உன் பிள்ளைக்கு ஆகாது என்று யாரும் சொல்வதில்லை.

எனக்கும் மனத்தாங்கல் இல்லாமல் இல்லை. விசேஷ நாளில் கூடுதல் காசு கொடுத்தால் முன்வரிசை என்பது எனக்குப் பிடிக்காது. காசில்லாத கிழவி பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்ப்பதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அதைக் கோயில் கூட்டத்தில் எழுந்து சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் விலைப் பலகை வைத்திருக்கும் கோயிலும், ஆளுக்குத் தகுந்த விலை சொல்லும் சாமியாரும் ஒன்றில்லை.

போலியை முன்கூட்டியே எப்படிக் கண்டுகொள்வது?

விலைக்கு முன்னால் பயம் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். என் அனுபவத்தில் இதைவிடப் பெரிய அடையாளம் இல்லை. முதலில் உங்களுக்கு ஒரு கெடுதியைச் சொல்வார், அதுவும் பிள்ளைகளைத் தொட்டுச் சொல்வார், பிறகு அதை நீக்கும் வழி தன்னிடம் மட்டும் இருப்பதாகச் சொல்வார். யாரிடமும் சொல்லாதே என்பது அடுத்த அடையாளம். தெய்வ காரியத்துக்கு ரகசியம் எதற்கு? ரசீது கேட்டால் முகம் மாறும். பணத்தைத் தன் சொந்தக் கணக்குக்குப் பேநவ் செய்யச் சொல்வார். ஒரு முறை கட்டியதோடு முடியாது, ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு தடை கிளம்பும். மருந்தை நிறுத்து, சிகிச்சையைத் தள்ளிப்போடு என்றால் அதற்குப் பிறகு ஒரு நிமிஷம்கூட அங்கே உட்கார வேண்டாம்.

ஆனால் அவர் எங்களைப் பற்றிச் சரியாகச் சொன்னாரே?

எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். என் அம்மாவும் சொன்னார். "நெருக்கமான ஒருத்தருக்கு உங்கள்மேல் பொறாமை", "வெளியே சிரிக்கிறீர்கள், உள்ளே அழுகிறீர்கள்", "கைக்கு வந்தது தங்கவில்லை." இதையெல்லாம் நம்மில் யாரிடம் சொன்னாலும் பொருந்தும். பத்துச் சொல்லி மூன்று பொருந்தினால் அந்த மூன்று நெஞ்சில் நிற்கும், ஏழு மறந்துபோகும். மீதியைக் கூட்டிப்போகிறவர் வழியில் சொல்லிவிடுகிறார், பல சமயம் தனக்கே தெரியாமல். எங்கள் அத்தை சந்திப்புக்கு நேரம் கேட்டபோதே தொலைபேசியில் அம்மாவின் நோய், பேரன் வயது, வீட்டில் யார் யார் என்று எல்லாம் சொல்லியிருந்தார். அத்தையின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் நல்லது நினைத்துத்தான் செய்தார்.

படித்தவர்கள் எப்படி இதில் விழுகிறார்கள்?

படிப்பு பயத்தை எடுத்துவிடுவதில்லை. 2012 முதல் 2020 வரை சிங்கப்பூரில் ஒரு பெண் தன்னைத் தெய்வம் என்று சொல்லிக்கொண்டு ஒரு சின்னக் கூட்டத்தை வைத்திருந்தார். தீவினை கழிக்க வேண்டும், இந்தியாவில் கோயில் கட்ட வேண்டும் என்று சொல்லி அவர்களிடம் சுமார் 7 மில்லியன் வெள்ளி வாங்கினார். பணம் மட்டுமா? மனிதக் கழிவை உண்ண வைத்தார், இடுக்கியால் பல்லைப் பிடுங்க வைத்தார். 2024இல் அவருக்குப் பத்தரை ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. செய்தியைப் படித்தவர்கள், இவ்வளவு தூரம் எப்படிப் போனார்கள் என்று கேட்டார்கள். ஒரே நாளில் யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை. முதல் நாள் ஒரு சின்னக் காணிக்கை. பிறகு கொஞ்சம் பெரியது. இவ்வளவு கொடுத்தபின் இது பொய் என்று ஒப்புக்கொண்டால் கொடுத்ததெல்லாம் வீண் என்றாகிவிடும். அதை ஒப்புக்கொள்வதைவிட இன்னும் கொஞ்சம் கொடுப்பது மனசுக்குச் சுலபமாக இருக்கிறது. அம்மா இரண்டாவது தவணைக்கு வளையலைக் கழற்றத் தயாராக இருந்தது இதனால்தான்.

தனிமையும் ஒரு காரணம். மருத்துவர் உங்களோடு பத்து நிமிஷம் பேசுவார். அந்த ஆள் ஒரு மணி நேரம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கதை கேட்டார். அந்த வருஷம் நான் அம்மாவோடு உட்கார்ந்து அப்படி ஒரு மணி நேரம் பேசவில்லை.

கோயில்களுக்குள்ளேயே தவறு நடந்தால்?

நடந்திருக்கிறது. மறைப்பதால் கோயிலுக்கு நன்மை இல்லை. 1827இல் தோன்றிய, சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயிலான சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் தலைமை அர்ச்சகராக இருந்தவர், 2016க்கும் 2020க்கும் இடையில் அம்மன் நகைகளை 172 முறை அடகு வைத்திருக்கிறார். மொத்த மதிப்பு 2 மில்லியன் வெள்ளிக்கு மேல். தணிக்கைக்கு முன்னால் மீட்டு வைத்துவிடுவார். 2020 தணிக்கையில் பிடிபட்டார். நகைகள் திரும்பக் கிடைத்தன. 2023இல் அவருக்கு 6 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

கணக்கு வேலை பார்க்கிறவளாக எனக்கு இதில் தெரிவது ஒன்று. பெட்டகச் சாவியும் ரகசிய எண்ணும் ஒரே கையில் இருந்தன. அவர் பக்தியுள்ளவரா இல்லையா என்பது அந்த இடத்தில் பொருட்டே இல்லை. ஒரே கையில் சாவியைக் கொடுத்துவிட்டு, சாமி பார்த்துக்கொள்ளும் என்று விட்டது எந்த நிறுவனத்திலும் தவறு, கோயிலிலும் தவறு. பிடித்துக் கொடுத்தது வருடாந்திரக் கணக்கெடுப்பு. 2018இல் வேறொரு கோயிலின் நிர்வாகத்தில் கடுமையான குறைபாடுகள் இருந்ததை வெளியே கொண்டுவந்ததும் அறநிறுவன ஆணையரின் விசாரணைதான்.

ஒரு கோயிலின் கணக்கை நாம் பார்க்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். பதிவுபெற்ற அறநிறுவனமாக இருந்தால் அரசாங்கத்தின் அறநிறுவன இணையவாசலில் பெயரைப் போட்டுத் தேடலாம். ஆண்டறிக்கை, நிதியறிக்கை, நிர்வாகக் குழுவினர் விவரங்களைப் பார்க்கலாம். மாரியம்மன், சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள், கேலாங் ஈஸ்ட் சிவன், தோ பாயோ வைராவிமட காளியம்மன் ஆகிய நான்கு கோயில்களும் இந்து அறக்கட்டளை வாரியத்தின் நிர்வாகத்தில் உள்ளன. மற்றவற்றுக்குத் தனித்தனி நிர்வாகக் குழுக்கள். உறுப்பினராகச் சேர்ந்தால் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, நகையை எண்ணுவது யார், சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது. இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அம்மன் நகையைப் பற்றித்தானே கேட்கிறோம்.

ஊரில் கோயில் கட்டுகிறோம் என்று நன்கொடை கேட்டு வருகிறார்களே?

வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் இங்கே நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். பொதுவாகத் திரட்டியதில் 80 விழுக்காட்டைச் சிங்கப்பூருக்குள்ளேயே செலவிட வேண்டும் என்பது அடிப்படை விதி. சிலவற்றுக்கு விலக்கு அளிக்கப்படுவதுண்டு. வீடுவீடாக, தெருத்தெருவாக வசூலிப்பதற்கும் உரிமம் வேண்டும். அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். நன்கொடைக்கு 250 விழுக்காடு வரிக்கழிவு கிடைக்கும் என்று ஆசை காட்டினாலும் கவனம்: அது பொதுநலத் தகுதி பெற்ற அமைப்புகளுக்குக் கொடுப்பதற்கு மட்டும். திருப்பணி நிதிக்குச் சாதாரணமாக அது பொருந்தாது.

அட்சய திருதியைக்குத் தங்கம் வாங்கினால் பெருகுமா?

பெருகாது. தேவையிருந்து, கையில் காசிருந்து வாங்கினால் வாங்குங்கள். கடன் அட்டையில் வாங்காதீர்கள். எங்கள் பாட்டி காலத்தில் அந்த நாளில் தானம்தான் கொடுத்தார்கள். நகைக்கடை வாசலில் வரிசையில் நின்றதாக அவர் சொல்லிக் கேட்டதில்லை.

அலகுக் காவடி மூடநம்பிக்கைதானே?

பலரும் என்னிடமிருந்து ஆமாம் என்ற பதிலை எதிர்பார்க்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. விரதம் இருந்து, பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை நடப்பவர் தன் உடம்பைத்தான் கொடுக்கிறார். யாரும் அவரை மிரட்டி விற்றது இல்லை அது. என் தம்பி, தனக்கு மகன் பிறந்தபோது, மூன்று வருஷம் காவடி எடுத்தான். முடித்துவிட்டுக் கோயில் படியில் உட்கார்ந்து மோர் குடிக்கும்போது அவன் முகத்தில் இருந்த அமைதியை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் குழுக் காவடிதான் பெரிது, எங்கள் அலங்காரம்தான் விலை கூடியது என்று போட்டி வரும்போது அது வேறு எங்கோ போய்விடுகிறது. சர்க்கரை நோயாளியை, முருகன் பார்த்துக்கொள்வான் என்று சொல்லிக் காவடி எடுக்க வைப்பதும் தவறு.

கேள்வி கேட்பது நம் மரபுக்கு விரோதமில்லையா?

நம் மரபில் கேட்டவர்கள்தாம் அதிகம். இறைவனுக்கு ஒரு பச்சிலை போதும் என்றவர் திருமூலர். வள்ளலார் 1867இல் வடலூரில் தருமசாலை திறந்து அடுப்பு மூட்டினார். அங்கே இன்றும் பசித்தவருக்குச் சோறு போடுகிறார்கள். சாமியை விட்டவர்களா இவர்கள்?

சிங்கப்பூரிலும் இது புதிதில்லை. 1929 இறுதியில் பெரியார் மலாயாவுக்கும் இங்கும் வந்துபோன பிறகு, 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தொடங்கியது. அதில் முன்நின்ற கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசைத் தொடங்கினார். தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்தவர்களின் கூலி சடங்கிலும் சாராயத்திலும் போவதைப் பார்த்துப் பொறுக்காமல் பேசியவர்கள் அவர்கள். அவர்கள் சொன்ன எல்லாவற்றோடும் நான் உடன்படவில்லை. தீமிதியை நிறுத்த வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். ஆனால் கேட்பதற்கு அவர்கள் பட்ட பாட்டை நாம் மறந்துவிட்டோம்.

மற்ற மதங்களில் இல்லையா? ஏன் நம்மை மட்டும் பேசுகிறீர்கள்?

இருக்கிறது. 2015இல் பெரிய தேவாலயம் ஒன்றின் நிறுவனர் உட்பட ஆறு பேர், சபைப் பணம் சுமார் 50 மில்லியன் வெள்ளியைத் தவறாகக் கையாண்டதாகக் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அதைப் பேச அங்கேயே ஆட்கள் இருக்கிறார்கள். என் வீட்டுக் குப்பையை நான் கூட்டுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு: இந்த ஊரில் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990இலிருந்து இருக்கிறது. பிறர் நம்பிக்கையைப் புண்படுத்திப் பேசுவது சட்டப்படி குற்றம், மனிதத் தன்மைப்படியும் தவறு. நம் பணம் எங்கே போனது என்று கேட்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

தங்குவிடுதியில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களான தம்பிகளும் ஏமாறுகிறார்களா?

ஆமாம், இதைச் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது. முகவருக்குக் கட்டிய கடன் முடியவில்லை, ஊரில் அப்பாவுக்கு முடியவில்லை. கைப்பேசியில் ஒருவர், உனக்கு யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள், தாயத்து அனுப்புகிறேன் என்கிறார். ஒரு தம்பி இரண்டு மாதச் சம்பளத்தை அனுப்பிவிட்டு வந்து நின்றான். வந்தது ஒரு செப்புத் தகடு. கட்டுமானத் தளத்தில் அது தோலை அறுத்துச் சீழ் வைத்திருந்தது. மருந்து வைத்துக் கட்டினோம். தகட்டைக் கழற்றலாமா அக்கா என்று மூன்று முறை கேட்டான்.

வீட்டுப் பெரியவர்களிடம் எப்படிப் பேசுவது?

"ஏமாந்துட்டீங்களே" என்ற சொல் வாயில் வரக்கூடாது. நான் சொன்னேன், அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவர் பேரனுக்காகக் கொடுத்தார். அதை முட்டாள்தனம் என்றால் அன்பையே முட்டாள்தனம் என்றதாகிவிடும். பிறகு வேறு மாதிரி பேசினேன். "அம்மா, அந்த மாரியம்மா காசு கொடுத்தால்தான் உன் பேரனைக் காப்பாத்துவாளா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவ அப்படிப்பட்டவ இல்லடி" என்றார். அவருடைய நம்பிக்கையை எடுக்கப் பார்க்காதீர்கள், அதன் பக்கம் நின்று பேசுங்கள். பூஜை வேண்டுமென்றால் நீங்களே கோயிலுக்குக் கூட்டிப்போய் அர்ச்சனைச் சீட்டு வாங்கிக் கொடுங்கள். மருத்துவச் செலவுதான் பயம் என்றால் மருத்துவமனைச் சமூகப் பணியாளரைப் பாருங்கள். மெடிஃபண்ட் போன்ற உதவிகளுக்கு அவர்கள்தாம் வழி சொல்வார்கள்.

பணம் கட்டியாகிவிட்டது. திரும்பக் கிடைக்குமா?

சில சமயம் கிடைக்கும், வேகமாக இருந்தால். முதலில் வங்கியைக் கூப்பிட்டு, அனுப்பிய பணத்தை நிறுத்த முடியுமா என்று கேளுங்கள். மோசடியா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் 1799 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். பொய் சொல்லிப் பணம் பறிப்பது ஏமாற்றுக் குற்றம். 10 ஆண்டுவரை சிறை உண்டு. போலீஸில் புகார் கொடுங்கள். செய்திகளையும் குரல் பதிவுகளையும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். ஆள் இங்கேயே கடை வைத்திருந்து, இன்ன சேவைக்கு இவ்வளவு என்று பேசி வாங்கியிருந்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்கும் போகலாம். 20,000 வெள்ளிவரை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

எங்களுக்குப் பணம் கிடைக்கவில்லை. ஆள் விமானம் ஏறிவிட்டார், எண் அணைந்துவிட்டது. ஒன்பதாம் மாடி அக்காவும் நானும் சேர்ந்து போய்ப் புகார் கொடுத்தோம். அடகு வைத்த சங்கிலியை நான் மீட்டேன். சங்கிலியை அம்மா கழுத்தில் போட்டபோது, டயாலிசிஸ் நிலையத்தில் கழற்றி வைக்கச் சொல்வார்களே என்று கேட்டார். நான் வைத்திருக்கிறேன், திரும்பி வரும்போது போட்டுக்கொள் என்றேன். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் அது என் கைப்பையில் இருந்தது.